பத்தாவது புளியங்கொட்டை

போன வாரம் திவ்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது நர்ஸாக இருக்கிற பெண். நல்ல பெண்தான், ஆனால் ஊசி போடும்போது நோயாளியைவிட இவள் முகம்தான் அதிகம் சுளிக்கும்.

"அமுலுக்கா, ஒரு கேஸ் வந்துகீது. அண்ணிக்கு கொயந்த தங்கலன்னு நாத்தனாரு சொமக்குது. கொடுங்கையூர்ல வூடு. அதுக்கே ஆறு வயசுல பொண்ணு ஒண்ணு கீது. 'எம் பொண்ணுகிட்ட இன்னா சிஸ்டர் சொல்றது?'ன்னு கேக்குது. நான் இன்னாத்த சொல்ல? நீதான பதினாலு வருசம் இதே வேலையா இருந்த."

யாராவது ஒன்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. வீட்டில் அதற்காகவே திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும், "யோசிச்சுச் சொல்றேன்டி" என்று போனை வைத்துவிட்டேன். காரணம் இருக்கிறது. இதே கேள்விக்கு ஒருமுறை தப்பான பதிலைச் சொல்லி அனுபவித்தவள் நான்.

திவ்யாவுக்கு, சுமக்கிற பெண்கள் தங்கிய ஆஸ்பத்திரி வீட்டில் நான் வேலை பார்த்தது மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னால் அதே வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில், இன்னொருவருடைய பிள்ளையைச் சுமந்துகொண்டு படுத்திருந்தது தெரியாது. பேப்பர்காரர்கள் வாடகைத் தாய் என்று எழுதுவார்கள். எங்களுக்குள் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. 'சொமக்குறது' என்போம், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. திருவொற்றியூரில் கடலோரம் ஷீட்டு போட்ட வீடு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடல் கொஞ்சம் உள்ளே வரும். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த வீடுகள் போயே போய்விட்டன. என் புருஷன் தேசிங்கு, கல்மண்டபத்துக்கும் திருவொற்றியூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். பெரியவள் நந்தினிக்கு ஏழு வயது, சின்னவள் பாப்புவுக்கு மூன்று. கடல் வராத இடத்தில் கல்லுக்கட்டு வீடு ஒன்று வேண்டும் என்பதுதான் என் ஆசை. பணத்துக்காகத்தான் போனேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆபீஸுக்குப் போகிறவர்களும் அதற்காகத்தான் போகிறார்கள்.

டெஸ்ட், கையெழுத்து, ஊசி, மறுபடி கையெழுத்து என்று போன மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இடுப்பில் போடும் எண்ணெய் ஊசி கட்டிக்கொண்டு கல் மாதிரி ஆகிவிடும், ஒருபக்கமாகத்தான் உட்கார முடியும். அதை மட்டும் இடுப்பு இன்னும் மறக்கவில்லை. கரு தங்கியதும் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த ஒரு மாடி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரசவம் வரைக்கும் அங்கேதான். பத்துக் கட்டில், பத்துப் பெண்கள், ஒரு டிவி, ஒரு ஆயா. வியாசர்பாடி, புளியந்தோப்பு, வண்ணாரப்பேட்டை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை பத்திலிருந்து மாலை நாலு வரை வீட்டு ஆட்கள் வரலாம். மற்ற நாளெல்லாம் என் பிள்ளைகளை நாத்தனார் லோகா பார்த்துக்கொண்டாள்.

அந்த வீட்டுக்குப் பொறுப்பு ராணி ஸ்டெல்லா சிஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைப் புடவையில் ஒரு சுருக்கம் இருக்காது. வார்டுக்குள் நுழையும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார், வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது உலோகம் சில்லென்று படக்கூடாதாம். ஆனால் வாயைத் திறந்தால் அந்த மென்மையெல்லாம் காணாமல் போகும். என் வயிற்றில் இருந்த பிள்ளையின் பெற்றோர் சைவம். நான் மீன் சாப்பிட வேண்டாமே என்று கேட்டார்கள். காசிமேட்டு வாசனை ஜன்னல் வழியாக வருகிற வீட்டில் படுக்கவைத்துவிட்டு மீன் சாப்பிடாதே என்றால் எப்படி? சிஸ்டர் அவர்களிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"பிள்ள உங்களுது. வயிறு அவளுது. அந்த வயித்துக்கு என்ன போகணும்னு நான் பாத்துக்கிடுதேன்."

அன்று மத்தியானமே நெத்திலிக் குழம்பு வந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகவே சிஸ்டரை எனக்குப் பிடித்துப்போனது.

சிஸ்டர் போட்ட சட்டங்களில் முக்கியமானது ஒரு சொல். வயிற்றில் இருப்பதை யாரும் 'பாப்பா' என்றோ 'என் கொயந்த' என்றோ சொல்லக் கூடாது. விருந்தாளி என்றுதான் சொல்ல வேண்டும். "விருந்தாளி தூங்குதா?" "விருந்தாளி இன்னைக்கு ரொம்ப ஆட்டம் போடுதே?" காலையில் சிஸ்டர் இப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவார். நாளைக்குப் பிரியும்போது நாங்கள் உடைந்துபோகக் கூடாது என்பது அவருடைய எண்ணம். எங்களுக்கும் அது பிடித்திருந்தது. கேலியும் கிண்டலுமாகச் சொல்லிக்கொள்வோம். பக்கத்துக் கட்டில் பர்வீன் பானு இரட்டைப் பிள்ளை சுமந்தாள். "எனக்கு மட்டும் விருந்தாளி தோஸ்த்த வேற இட்டுகினு வந்துட்டாரு" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த எங்கள் பிள்ளைகளுக்கும் அதே சொல்லைத்தான் கொடுத்தோம். நந்தினி முதன்முதலாக என் வயிற்றைப் பார்த்துக் கேட்டபோது நானும் அப்படித்தான் சொன்னேன்.

"அம்மா வயித்துல ஒரு விருந்தாளி வந்துகீறாங்க. கொஞ்ச நாள் இருப்பாங்க. அப்பறம் அவுங்க வூட்டு ஆளுங்க வந்து இட்டுகினு போய்டுவாங்க."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஏழாம் மாதத்திலிருந்து உதை எண்ணுவது ஆரம்பிக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இடதுபக்கமாகப் படுக்க வேண்டும். தலைமாட்டில் இரண்டு டப்பா. ஒன்றில் பத்துப் புளியங்கொட்டை, இன்னொன்று காலி. ஒரு உதைக்கு ஒரு கொட்டையை எடுத்துக் காலி டப்பாவில் போட வேண்டும். இரண்டு மணியிலிருந்து நாலு மணிக்குள் பத்தும் இடம் மாறியிருக்க வேண்டும். நாலு மணிக்கு ஆயா வந்து கொட்டையைக் கையில் கொட்டி எண்ணி நோட்டில் எழுதுவாள். ஒவ்வொரு கொட்டையிலும் சிஸ்டர் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருப்பார். முன்பு ஒருமுறை ஆயா பத்தையும் வறுத்துத் தின்றுவிட்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமையும் எண்ணிக்கைக்கு லீவு கிடையாது. அந்த நேரத்தில் தேசிங்கு பாப்புவைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் உலாத்துவார். நந்தினி என் கட்டிலோரம் உட்கார்ந்துகொள்வாள். கொட்டை போடும் வேலை அவளுடையது. நான் கண்ணை மூடிக்கொண்டு உதை வரும்போதெல்லாம் "ம்" என்பேன், அவள் ஒன்றை எடுத்துப் போடுவாள். வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு மணி நேரம் அது. உள்ளே ஒரு பிள்ளை, வெளியே என் பிள்ளை, நடுவில் நான் சும்மா படுத்துக்கொண்டு "ம்" சொல்வேன்.

எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் கிளம்பிப் போனார்கள். ஆயா வந்து கொட்டையை எண்ணினாள்.

"ஒம்போது."

"பத்து வந்திச்சு ஆயா."

"நீ எண்ணுனியா?"

நான் எண்ணவில்லை. எண்ணுவதற்குத்தானே கொட்டை இருக்கிறது? ஆயா நோட்டில் ஒன்பது என்று எழுதிக்கொண்டு போனாள். இரண்டு நிமிஷத்தில் சிஸ்டர் வந்தார். கடிகாரத்தைக் கழற்றினார். வயிற்றில் கருவியை வைத்து இதயத் துடிப்பைக் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் முகம் மாறவில்லை. "ஒம்பதுன்னா ஒம்பதுதான். எந்திரி, ஸ்கேனுக்குப் போவோம்" என்றார்.

வேனில் ஏற்றினார்கள். விருந்தாளி விருந்தாளி என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த வேனில் என்னை அறியாமல், "ஒதைடா கண்ணு, ஒரே ஒரு வாட்டி ஒதைடா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். சிஸ்டர் காதில் விழுந்திருக்கும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெற்றோருக்கும் போன் போயிருந்தது. போனுக்குள் அந்தம்மா அழுத சத்தம் ஸ்கேன் அறை வாசல்வரை கேட்டது.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஸ்கேன் எடுக்கும்போதே இரண்டு உதை உதைத்தான். மறுநாள் சிஸ்டர் என் இரண்டு டப்பாவையும் கவிழ்த்து எண்ணினார். மொத்தமே ஒன்பதுதான் இருந்தது. ஆயாவுக்குச் செமத்தியாகத் திட்டு விழுந்தது. "நான் துன்னல சிஸ்டர், சத்தியமா துன்னல" என்று அவள் அழாத குறை. புதிதாக ஒரு கொட்டைக்குப் பொட்டு வைத்துக் கொடுத்தார்கள். நாங்களும் மறந்துவிட்டோம்.

அடுத்த மாதம் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆண் பிள்ளை. ஒப்படைப்பதற்கென்று சிஸ்டர் ஒரு முறை வைத்திருந்தார். சுமந்தவள் கையிலிருந்து நேராகப் போகக் கூடாது. சிஸ்டர் வாங்கிக்கொள்வார், நாலு அடி நடப்பார், பிறகுதான் பெற்றவர்களிடம் கொடுப்பார். அதற்கு ஒரு தாள் உண்டு. கொடுத்தவர், வாங்கிக்கொண்டவர், சாட்சி என்று மூன்று கையெழுத்து. நான் கொடுத்தவர் இடத்தில் போட்டேன். அந்தம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"இவனுக்கு என்னென்ன பழக்கம்?" என்று கேட்டார்.

"மத்தியானம் சாப்ட்டதும் வெளாடுவான்மா. ரெண்டுலேர்ந்து நாலு" என்றேன். அவர் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். இன்றைக்கு நினைத்தாலும் அந்தம்மாவை எனக்குக் கட்டிக்கொள்ளத் தோன்றும். பிள்ளையோடு அவர்கள் காரில் ஏறிப் போனதை, வாசலில் தேசிங்கோடு நின்ற நந்தினி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தேன். பால் நிற்க மாத்திரை கொடுத்திருந்தார்கள், இருந்தும் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் ரவிக்கை நனைந்துவிடும். அழுதேன். எனக்கு அவன் வேண்டும் என்று அழவில்லை, அவன் பசியில் அழுகிறானோ என்று அழுதேன். லோகா முட்டைக்கோசு இலையை மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். இரண்டு வாரத்தில் எல்லாம் அடங்கியது.

அடங்காதது நந்தினி. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். குழாயடிக்கு நான் போனால் புடவையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். தெருவில் கார் நின்றால், தண்ணி டிரம்முக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறாள் என்று நினைத்து இரண்டு அடியும் வைத்தேன். அதை இப்போது நினைத்தால் என் கையே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் காலை அவள் பென்சிலைச் சீவ ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். உள்ளே ஒரு புளியங்கொட்டை. அதன்மேல் சிவப்புப் பொட்டு.

"இத்த ஏன்டி எடுத்த? இதால அன்னிக்கு எத்தினி பேஜாரு ஆச்சு தெரியுமா?" என்று கத்தினேன்.

அவள் பின்னால் நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டாள். அழவில்லை.

"பத்தும் அதுக்கேவா? எனக்கு ஒண்ணு வோணாவா?" என்றாள். பிறகு, ரொம்ப நாளாக வாய்க்குள் வைத்திருந்ததைத் துப்புகிற மாதிரி கேட்டாள்: "நானும் உன் வயித்துலதான இருந்தேன்? நானும் விருந்தாளிதான? என்ன எப்போ இட்டுகினு போவாங்க?"

பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். விருந்தாளி வயிற்றில் இருந்தது, கார் வந்தது, இட்டுக்கொண்டு போனார்கள். பிள்ளை போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை. சொன்ன நான்தான் தப்பு. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏதேதோ சொன்னேன். "சே, லூசு, இன்னா பேச்சு இது" என்று சொன்னது ஞாபகமிருக்கிறது. அவள் நம்பவில்லை. மறுநாளும் கார் சத்தத்துக்கு டிரம்முக்குப் பின்னால் போனாள்.

தேசிங்கிடம் சொன்னேன். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நீ போயி அந்த சிஸ்டராண்ட சொல்லு மே. வார்த்தய குடுத்தவங்க அவுங்கதான" என்றார்.

போய்ச் சொன்னேன். சிஸ்டர் முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞாயித்துக்கிழம வாரேன்" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் பார்வையாளர் நாள். சிஸ்டர் அங்கே இல்லாமல் ஒரு ஞாயிறும் போனதில்லை. அன்றைக்கு தேசிங்கின் ஷேர் ஆட்டோவில், மீன் கூடைக்காரர்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு வந்து இறங்கினார். சுருக்கமே இல்லாத புடவை அன்றைக்குக் கசங்கியிருந்தது. சேர் போட்டேன், உட்காரவில்லை. தரையில் நந்தினிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கழற்றி இடுப்பில் செருகினார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஒப்படைக்கும் தாள்.

"ஏ பிள்ள, அந்த வார்த்த என்னோடது. உங்கம்மாது இல்ல. அத உங்கிட்ட அப்பிடிச் சொல்ல விட்டது என் தப்பு. தப்பா எழுதுனா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? புதுத் தாள் போடுவோம்."

பெயர் என்ற இடத்தில் நந்தினி என்று எழுதினார். "வாங்கிக்கொண்டவர்" என்ற இடத்தில் என்னையும் தேசிங்கையும் கையெழுத்துப் போடச் சொன்னார். சாட்சி இடத்தில் அவர் போட்டார். பிறகு "கொடுத்தவர்" என்ற இடத்தில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு கிழித்தார்.

"இங்க ஏன் பேரு இல்ல?" என்று நந்தினி கேட்டாள்.

"அந்தப் பையனுக்கு அந்த எடத்துல உங்கம்மா பேரு இருக்கு. உனக்கு அங்க யார் பேரும் இல்ல. உன்ன யாரும் யார்ட்டயும் குடுக்கல. நீ ஆரம்பத்துலயே இங்க உள்ளவ. இனி யாராச்சும் வந்து கேட்டா இந்தத் தாள காட்டு. என் கையெழுத்துக்கு மேல ஒருத்தன் பேசிருவானா?"

நந்தினி அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து கொட்டையை எடுத்து நீட்டினாள். சிஸ்டர் வாங்கவில்லை. "அது உனக்கு வந்த ஒத. நீயே வச்சிக்க" என்றார். மறுநாள் அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

இரண்டு மாதம் கழித்து சிஸ்டர் ஆள் அனுப்பி என்னை அந்த வீட்டுக்கே வேலைக்கு வரச் சொன்னார். "பொம்பளைகள நான் பாத்துக்கிடுதேன். ஞாயித்துக்கிழம வாற பிள்ளைகள நீ பாரு" என்றார். அதற்குள் விருந்தாளி என்ற சொல்லை வீட்டை விட்டே துரத்தியிருந்தார். பதினாலு வருஷம் அதைத்தான் செய்தேன். ஒவ்வொரு பெண்ணின் கோப்பிலும் கூடுதலாக ஒரு பக்கம் சேர்த்தேன். அவள் பெற்ற பிள்ளைகளின் பெயர், வயது, எதற்குப் பயப்படும் என்று எழுத அந்தப் பக்கம். பெரிய டாக்டர் ஒருமுறை இது எதற்கு என்று கேட்டார். எடுக்கக் கூடாது என்று சிஸ்டர் சொன்னார், அதோடு சரி. சிஸ்டர் ஊருக்குப் போய்விட்டார். சட்டம் மாறியது, பணத்துக்குச் சுமக்கக் கூடாதென்று ஆனது, வீட்டைப் பூட்டினார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை, போன வருஷம் நின்றுகொண்டேன். இப்போது மாத்தூரில் கல்லுக்கட்டு வீடு. கடல் இங்கே வராது. மணலிப் பக்கத்து ஆலைக் காற்றுதான் வரும், அதற்கு ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம்.

திவ்யாவின் கேள்வியை இரண்டு நாள் வைத்துக்கொண்டிருந்தேன். அனுபவப்பட்டவளையே கேட்டால் என்ன என்று தோன்றியது. நந்தினிக்கு இப்போது இருபத்தாறு. எண்ணூரில் கன்டெய்னர் யார்டு ஆபீஸில் வேலை. காலையில் தலை வாரிக்கொண்டிருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

சீப்பைத் தலையிலிருந்து எடுக்காமலே யோசித்தாள். "அது யாரு கொயந்தன்னு அப்பறமா சொல்லிக்கலாம்மா. மொதல்ல 'நீ என்னோடது'ன்னு சொல்ல சொல்லு. அத்த சொல்லிட்டு மத்தத சொல்ல சொல்லு. அந்த பொண்ணுக்கு அதுதான் கேக்கணும்."

உடனே திவ்யாவுக்குப் போன் போட்டு, வார்த்தை மாறாமல் அப்படியே சொன்னேன். எனக்கு ஒரே பெருமை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நந்தினி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி?"

"ஒண்ணியும் இல்ல. அத்த நீ என்கிட்ட சொன்னதே இல்ல, தெரியுமா?"

"ஏய், தாள் போட்டுக் குடுக்கல?"

"அது சிஸ்டர் எழுதுனது. நீ கையெழுத்துதான் போட்ட."

பதினாலு வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். என் பிள்ளைக்கு 'லூசு' என்று சொன்னேன், அடித்தேன், கட்டிக்கொண்டேன், சோறு ஊட்டினேன். இந்த ஒன்றைச் சொல்லவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனேன்.

"நீ என்னோடதுடி" என்றேன்.

"இன்னாமா நீ, எனக்கு பஸ்ஸு போய்டும்" என்றாள். ஆனால் போகவில்லை. தோளில் மாட்டிய பையோடு அப்படியே நின்றாள். அன்றைக்கு அந்த பஸ் போய்விட்டது, அடுத்ததில்தான் போனாள்.